கறிவேப்பிலைச் சாடியின் ஐந்து ஓடுகள்

அஜக்ஸ், கனடா
14 செப்டெம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீங்கள் உடம்பு சுகத்தோடும் என்மேல் கோபம் இல்லாமலும் இருக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். நான் நிலாணி. உங்கள் தங்கச்சி. நீங்கள் இந்த வீட்டை விட்டுப் போனபோது எனக்கு ஆறு வயது. இப்போது பதினாறு.

அம்மாவின் கூறைச்சேலைக்குக் கீழே ஒன்பது வாழ்த்து அட்டைகளைக் கண்டேன். எல்லாம் என் பிறந்தநாட்களுக்கு நீங்கள் அனுப்பியவை. ஒன்றுகூட என் கைக்கு வரவில்லை. கடைசி உறையில் பார்க்டேல் விலாசம் இருந்தது. அம்மாவைக் கோபிக்க வேண்டாம். ஒவ்வொரு அட்டையின் மடிப்பும் திறந்து திறந்து தேய்ந்திருந்தது.

இரவு ஒன்பது மணிக்கு எங்கள் தொலைபேசிகள் குசினி மேசைக் கூடைக்குள் போய்விடும். அப்பா அவற்றைப் பார்ப்பார். அதனால்தான் கடிதம். கட்டிலுக்குக் கீழே படுத்திருந்து, சின்ன ரோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பிடிபட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு நடந்ததுதான்.

பள்ளியில் பழைய உலகச் சரித்திரம் எடுத்திருக்கிறேன். கிரேக்கர் எப்படி வளர்ந்தார்கள், பக்கத்து நாட்டவர்களிடமிருந்து எதில் வேறுபட்டார்கள் என்று நீண்ட கட்டுரை ஒன்று எழுத வேண்டும். ரீச்சர் இரண்டு படங்களைக் காட்டினார். ஒன்று எகிப்து. ஒரே ஆறு, இரு கரையிலும் வயல், அத்தனைக்கும் ஒரே அரசன், அவனே கடவுளும். மற்றது கிரேக்கம். மலை, மலை, நடுவில் கையகலப் பள்ளத்தாக்குகள், பிறகு கடல். எல்லாரையும் ஒருவனே ஆள முடியாத தரை. ஒவ்வொரு ஊரும் தனக்கென்று சட்டமும் தனக்கென்று சண்டையும் வைத்துக்கொண்டது.

படத்தைப் பார்த்தபோது எங்கள் வீடு எகிப்து என்று தோன்றியது. நீங்கள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறீர்கள். ரெயிலும், வீதித் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்காரும் எடுத்தால் ஒன்றரை மணித்தியாலம்தான். தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, தேடிய தடயத்தை அழித்தேன்.

பதில் எழுதினால் என் சிநேகிதி ஷாமிலாவின் விலாசத்துக்கு எழுதுங்கள். பின்பக்கத்தில் இருக்கிறது.

உங்களை மறக்காத,
நிலாணி

*

பார்க்டேல், ரொறன்ரோ
27 செப்டெம்பர் 2025

நிலாணிக்கு,

சுகமாக இருக்கிறேன். சளி மட்டும் பிடித்திருக்கிறது, குயின் வீதியில் ஸ்ரீற்கார் ஓட்டுகிற எல்லாருக்கும் இந்த மாதத்தில் பிடிப்பதுதான். உன் கடிதத்தை இடைவேளையில் வாசித்தேன். அதற்குப் பிறகு இரண்டு தரிப்பிடங்களில் கதவைத் திறக்க மறந்துபோனேன். சனம் ஏசியது.

இனி எழுதாதே. உன் அன்பு எனக்கு வந்து சேர்ந்துவிட்டது, அது போதும். அந்த வீட்டில் ஒரு பிள்ளை போனது காணும், நீயும் போக வேண்டாம்.

அம்மாவின் முழங்கால் எப்படி? ஜனார்த்தன் என்ன செய்கிறான்? நீ இன்னும் சாப்பிடும்போது பாணின் ஓரத்தைப் பிய்த்து வைக்கிறாயா?

எகிப்துக்காரருக்கும் ஒரு வசதி இருந்திருக்கும். யாருக்குப் பயப்பட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கவனமாக இரு.
சிவானி

*

அஜக்ஸ்
22 ஒக்ரோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டதா? மிளகு போட்டுக் குடியுங்கள். உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. தபால்காரர்கள் வேலைநிறுத்தம் என்று தெரிந்திருந்தும், நீங்கள் கோபித்துவிட்டீர்கள் என்றே நாலு கிழமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதாதே என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே மூன்று கேள்விகளும் கேட்டிருக்கிறீர்கள். கேள்விகளுக்குப் பதில் சொல்லாவிட்டால் மரியாதை இல்லை.

அம்மாவுக்கு இடது முழங்காலில் நோ. ஆனாலும் ஞாயிறு தவறாமல் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோவிலுக்குப் போக வேண்டும். அர்ச்சனைச் சீட்டை அவரே எழுதி, மடித்து, எங்களுக்குக் காட்டாமல் கொடுப்பார். ஜனார்த்தன் அண்ணா வங்கியில் வேலை, வீட்டில் வாய் திறப்பதில்லை. பாணின் ஓரத்தை இப்போதும் பிய்க்கிறேன். அப்பாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

இந்த மாதம் எழுத்தைப் பற்றிப் படித்தோம். எகிப்திலும் பாபிலோனிலும் எழுதப் பழக ஒருவன் தன் சிறுவயது முழுவதையும் கொடுக்க வேண்டும். அவ்வளவு அடையாளங்கள். அதனால் எழுத்து அரண்மனைக்கும் கோவிலுக்கும் உரியதாக இருந்தது. கிரேக்கர் பினீசியக் கடல் வியாபாரிகளிடமிருந்து இருபத்திரண்டு எழுத்துகளை எடுத்தார்கள். பினீசியர் மெய்யெழுத்தை மட்டும் எழுதுவார்கள், உயிரை வாசிப்பவன் ஊகிக்க வேண்டும். கிரேக்கர் தங்களுக்குத் தேவைப்படாத சில எழுத்துகளை உயிராக்கிவிட்டார்கள். அதன் பிறகு குயவனும் தன் பானையில் தன் பெயரைக் கீறினான். பாபிலோனிலும் கல்லில் சட்டம் இருந்தது, ஆனால் அது அரசன் தந்தது. கிரேக்க ஊர்கள் தாங்களே கூடி முடிவெடுத்த சட்டத்தைக் கல்லில் வெட்டிச் சந்தையில் வைத்தன. செருப்புத் தைப்பவனும் விரல் வைத்துக் காட்டி நியாயம் கேட்கலாம்.

எங்கள் வீட்டுச் சட்டம் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கை தூக்கி முடிவெடுப்பது இப்போதும் உண்டு. என்ன கார், எந்தக் கோவில், யார் கல்யாணத்துக்கு எவ்வளவு. அப்பா தன் கையை முதலில் தூக்குவார். பிறகு மற்றக் கைகள்.

அக்கா, ஒன்று கேட்க வேண்டும். உங்களைப் போகச் சொன்ன அன்று, எத்தனை காலத்துக்கு என்று யாராவது சொன்னார்களா?

பதிலுக்குக் காத்திருக்கும்,
நிலாணி

*

அஜக்ஸ்
9 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பதில் வரவில்லை. தபால் இப்போது ஓடுகிறது, அதனால் பயமாக இருக்கிறது. சுகம்தானே?

நேற்று அப்பா என் மேசைக்கு வந்தார். "என்ன பிள்ளை, கிரேக்கமோ?" என்று கேட்டுக் கொப்பியை எடுத்து ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம் புரட்டினார். அடுத்த தாளுக்கு நடுவில் உங்கள் கடிதம் இருந்தது. அந்த நேரம் குசினியிலிருந்து அம்மா, "இஞ்சருங்கோ, பால் பொங்குது" என்று கூப்பிட்டார். அப்பா கொப்பியை வைத்துவிட்டுப் போனார். பிறகு நான் குசினிக்குப் போய்ப் பார்த்தேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

இதை எழுதியே ஆக வேண்டும். ஏதென்ஸ் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவரால் ஊருக்குக் கேடு என்று நினைத்தால், வருடத்தில் ஒரு நாள் எல்லாரும் சந்தையில் கூடுவார்கள். உடைந்த பானை ஓட்டில் அந்த ஆளின் பெயரைக் கீறிப் போடுவார்கள். ஆறாயிரம் ஓடு சேர வேண்டும். அதில் கூடுதலாகப் பெயர் வந்தவர் பத்து நாளில் ஊரை விட்டுப் போக வேண்டும். பாரசீகத்தில் இப்படி ஒன்றும் இல்லை. அங்கே பேரரசன் வாய் திறந்தால் முடிந்தது, எப்போது கோபம் ஆறும் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஏதென்ஸில் அந்த விலக்கு பத்து வருடம் மட்டும்தான். காணி, வீடு, சாமான் எல்லாம் அவருடையதாகவே இருக்கும். மானமும் போகாது. பத்து வருடம் முடிந்தால் திரும்பி வந்து தன் கதிரையில் இருக்கலாம்.

வகுப்பில் இதை வாசித்ததும் விரலை மடித்து எண்ணினேன். நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த குடிபூரல் 2015 டிசெம்பர் 13. அன்றுதான் நீங்கள் போனீர்கள். இன்னும் முப்பத்துநாலு நாள்.

தயவுசெய்து பதில் எழுதுங்கள்.
நிலாணி

*

பார்க்டேல்
16 நவம்பர் 2025

அன்புள்ள தங்கச்சி,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுத மூன்று தரம் மேசையில் இருந்தேன், மூன்று தரமும் கிழித்தேன். அதுதான் பிந்தியது.

காலம் யாரும் சொல்லவில்லை. குடிபூரலுக்கு வந்த சனத்துக்கு முன்னால் மாமி என்னிடம், "டொக்டரம்மா எப்ப படிச்சு முடிப்பியள்?" என்று கேட்டா. ஒரு வருடமாக நான் பல்கலைக்கழகப் பக்கம் போயிருக்கவில்லை. பொய் சொல்லிக் களைத்திருந்தேன். "விட்டிட்டன் மாமி. ஸ்ரீற்கார் ஓட்டப் போறன்" என்றேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சனம் போன பிறகு கீழே பேஸ்மென்ற்றில் எல்லாரையும் இருத்தி, நான் இந்த வீட்டில் இருக்கக்கூடாது என்பதற்குக் கை தூக்கச் சொன்னார் அப்பா. அம்மாவைக் கூப்பிடவில்லை. மேலே தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நீ ஏதென்ஸைப் புனித பூமியாக்கிவிடாதே. நானும் நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தேன். அங்கே பெண்களுக்கு வாக்கு இல்லை. அடிமைகளுக்கு இல்லை. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவனுக்கும் இல்லை. அப்பா அங்கே போயிருந்தால் சாகும்வரை அந்நியன்தான். ஒரு கிணற்றுக்குள் ஒரே ஆளின் பெயர் கீறிய நூற்றுத் தொண்ணூறு ஓடுகள் கிடைத்தனவாம். எழுதியது பதினாலு கைகள்தான். முன்கூட்டியே எழுதி வைத்துப் பங்கிட்டிருக்கிறார்கள். நான் அதை வாசித்துவிட்டு மாமியை நினைத்தேன்.

கை தூக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? எனக்கு ஐந்து வயது. அப்பா வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்து கனடாக் குடிமகன் ஆனார். அன்று மாலை பார்க்டேல் வீட்டில், "இடியப்பமோ புட்டோ? இந்த நாட்டிலை எல்லாரும் கை தூக்கித்தான் முடிவெடுக்கிறது" என்றார். புட்டு வென்றது. அப்பாவுக்கு இடியப்பம்தான் விருப்பம். சிரித்துக்கொண்டே புட்டைத் தின்றார். அப்போது அவர் உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டுக் குயின் ஸ்ரீற்காரில் வருவார். ஒவ்வொரு நாளும் அந்தப் பயணத் துண்டை எனக்குத் தருவார். ஒரு நீல பிஸ்கட் ரின்னுக்குள் சேர்த்து வைத்திருந்தேன். அது அங்கேயே நின்றுவிட்டது. எறிந்திருப்பார்கள்.

கட்டுரையை நன்றாக எழுது. வீட்டில் ஒன்றும் பேசாதே.

அன்புடன்,
சிவானி

*

அஜக்ஸ்
20 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பனி விழத் தொடங்கிவிட்டது. கழுத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள்.

வீட்டில் பேசாதே என்கிறீர்கள், ஆனால் இனிப் பேசாமல் இருக்க முடியாது. டிசெம்பர் 13 சனிக்கிழமை வீட்டுக்குப் பத்து வயது என்று விருந்து. மாமியும் வருகிறா. அன்று கீழ் அறையை வாடகைக்கு விடுவதற்குக் கை தூக்கப் போகிறோம் என்று அப்பா சொல்லிவிட்டார். இந்த வீட்டில் உங்களுக்கென்று வைத்த அறை அது. வேறொருவர் வந்துவிட்டால், நீங்கள் வர ஓர் இடமே இராது. அன்று நான் எழுந்து கேட்கப் போகிறேன். தோற்றால் அடுத்தது என் பெயர்தான்.

இன்னொன்று. அம்மா கறிவேப்பிலைக் கன்றைப் பிளாஸ்ரிக் சாடிக்கு மாற்றி உள்ளே எடுத்துவிட்டார். பழைய மண்சாடி ஈரமண்ணோடு வெளியே நின்று குளிரில் வெடித்துவிட்டது. நல்ல ஓடுகளாகப் பார்த்து எடுத்துக் கழுவி, காலுறைக்குள் வைத்திருக்கிறேன்.

ஏதென்ஸில் அரிஸ்டைடீஸ் என்று ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை நீதிமான் என்று சொல்லுவார்கள். ஓடு போடும் நாளில் எழுதத் தெரியாத ஒருவன், அவர் யாரென்று தெரியாமல் அவரிடமே வந்து, "அரிஸ்டைடீஸ் என்று எழுதித் தாருங்கள்" என்று கேட்டானாம். அவர் என்ன கெடுதல் செய்தார் என்று கேட்டதற்கு, "ஒன்றுமில்லை, நீதிமான் நீதிமான் என்று கேட்டுக் காது புளித்துவிட்டது" என்றானாம். அவர் பேசாமல் தன் பெயரை எழுதிக் கொடுத்தார்.

இதை வாசித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா, அன்று கீழே நானும் கை தூக்கினேன். ஆறு வயதுதான், ஆனாலும் ஞாபகம் இருக்கிறது. என் கை மேலே இருந்தது. பத்து வருடமாக ஒருவரிடமும் சொல்லவில்லை. நீங்கள் அதைக் கண்டீர்களா? கண்டிருந்தால் இவ்வளவு அட்டைகள் ஏன் அனுப்பினீர்கள்?

மன்னிப்புக் கேட்கும்,
நிலாணி

*

பார்க்டேல்
27 நவம்பர் 2025

என் செல்லத் தங்கச்சிக்கு,

முதலில் சாப்பிடு. பிறகு வாசி.

உன் ஞாபகத்தில் பாதிதான் இருக்கிறது. அன்று நீ என் மடியில் இருந்தாய். அப்பா கேட்டதும் மாமியின் கை போனது, ஜனார்த்தனின் கை போனது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்பா உன்னைப் பார்த்தார். நீ என் காதுக்குள், "அக்கா, நானும் தூக்கோணுமோ?" என்று கேட்டாய். நீ தூக்காவிட்டால் அந்தக் கோபம் உன் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியும். நான்தான் உன் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினேன். உன் கையில் பயத்தம் பணியாரத்து எண்ணெய் ஒட்டியிருந்தது. அது அன்றிரவு முழுவதும் என் விரலில் மணத்தது.

உன் கதையில் வருகிறவர் தன் பெயரைத் தானே எழுதினார் என்றாயே. அதை வாசித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரன் எழுந்து போய்விட்டான்.

ஆகவே அது உன் வாக்கு இல்லை. என் வாக்கு. உன் வாக்கை நீ இன்னும் ஒரு தரம்கூடப் போடவில்லை.

போடு.

அக்கா

*

அஜக்ஸ்
10 டிசெம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் கடிதத்தை மடித்துச் சப்பாத்துக்குள் வைத்து நடக்கிறேன்.

ஐந்து ஓடும் ஐந்து ஆணியும் எண்ணி வைத்துவிட்டேன். பேச வேண்டியதை ஒரு சின்ன அட்டையில் எழுதியிருக்கிறேன். மறந்துபோனால் வாசிப்பேன்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு நீங்கள் எந்தத் தரிப்பிடத்தில் நின்றாலும் என்னை நினையுங்கள்.

நிலாணி

*

அஜக்ஸ்
14 டிசெம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். நானும் நல்ல சுகம். இந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் இருந்து, பட்டப்பகலில், அம்மா பக்கத்தில் வெங்காயம் உரிக்க எழுதுகிறேன்.

நேற்றுச் சாப்பாடு முடிந்ததும் அப்பா எழுந்தார். "வீட்டுக்குப் பத்து வயசாச்சு. கீழ் அறை சும்மா கிடக்கு. படிக்கிற பெடியன் ஒருத்தனுக்கு வாடகைக்குக் குடுப்பம். ஓம் எண்டுறவை..." என்று தன் கையைத் தூக்கினார். மாமியின் கை போனது. அண்ணாவின் கை பாதிவரை போனது. நான் எழுந்தேன்.

"அப்பா, அந்த அறை அக்காவின்ரை."

மாமி, "ஆற்றை அக்கா?" என்றா.

"என்ரை அக்கா. சிவானி. பத்து வருசம் இண்டையோட முடிஞ்சுது."

"என்ன பத்து வருசம்? ஆர் சொன்னது?" என்றார் அப்பா.

அட்டையை எடுத்தேன். மேசையில் வைத்துவிட்டுப் பாராமலே சொன்னேன். "ஏதென்ஸிலை ஒரு ஆளை ஊரை விட்டு விலக்கினா பத்து வருசம்தான் அப்பா. வீடும் சாமானும் அவையின்ரைதான். பாரசீக ராசா விலக்கினாத்தான் முடிவே இல்லை. நீங்கள் ராசா இல்லை. கை தூக்கிச் சத்தியம் செய்து இந்த நாட்டுக்குள்ளை வந்த ஆள். இடியப்பம் விருப்பமா இருந்தும் புட்டைத் திண்ட ஆள்."

அப்பாவின் கை மெல்ல இறங்கியது. இடியப்பக் கதையை எனக்கு யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை.

"உதுக்குத்தான் உவளைச் சரித்திரம் படிக்க விடவேண்டாம் எண்டு நான் அப்பவே சொன்னனான்" என்றா மாமி.

"சரி. கை தூக்கிப் பாப்பம்" என்றார் அப்பா.

"கை வேண்டாம் அப்பா. எல்லாரும் உங்கடை கையைத்தான் பாக்கினம்."

அண்ணாவுக்குப் புரைக்கேறியது. நான் காலுறையை எடுத்து ஓடுகளை மேசையில் கொட்டினேன். அப்பா ஒன்றை எடுத்துப் பார்த்தார். "உது என்ரை கறிவேப்பிலைச் சாடியெல்லோ?"

"குளிரிலை வெடிச்சது. நான் உடைக்கேல்லை."

விதியைச் சொன்னேன். அக்கா வரக்கூடாது என்கிறவர் ஓட்டில் அக்காவின் பெயரைக் கீற வேண்டும். வரட்டும் என்கிறவர் வெறுமையாக விட வேண்டும். மூன்று பெயர் விழுந்தால் அறை வாடகைக்குப் போகும், நான் இனி வாய் திறக்கமாட்டேன். "அம்மாவும் வரவேணும்" என்றேன்.

"அவ ஏன்?" என்றா மாமி. குசினியில் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "தவமணி, பைப்பைப் பூட்டிப்போட்டு இஞ்சை வாரும்" என்றார்.

ஆளுக்கொரு மூலைக்குப் போய், திரும்பி வந்து ஓட்டைச் சருவச் சட்டிக்குள் போட்டோம். அப்பாதான் எடுத்து வாசித்தார். முதல் ஓட்டில் 'சிவானி'. "அது என்ரை. எனக்கு ஒளிக்க ஒண்டுமில்லை" என்றா மாமி. இரண்டாவது வெறுமை. மூன்றாவது வெறுமை. நான்காவதை எடுத்ததும் அப்பா நின்றுவிட்டார். அம்மாவின் கையெழுத்து அவருக்குத் தெரியும். "சிவானி" என்று வாசித்தார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அக்கா, அந்த நேரம் எனக்குள் எல்லாம் விழுந்துவிட்டது. பால் பொங்காமலே பால் பொங்குது என்று சொன்ன அம்மா, அட்டைகளைக் கூறைக்குக் கீழே வைத்த அம்மா.

அப்பா ஓட்டோடு யன்னலடிக்குப் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இதிலை கீழை ரோகிணி எண்டும் கிடக்கு" என்றார்.

"ஓம்" என்றார் அம்மா. "பேர் எழுதச் சொன்னாள். பேர் எழுதினா நட்சத்திரமும் எழுதத்தானே வேணும். இல்லாட்டி ஐயர் ஆரெண்டு தெரிஞ்சு அர்ச்சனை செய்வார்? பத்து வருசமா அப்பிடித்தானே எழுதிக் குடுக்கிறன்."

மாமி, "பேர் எண்டாப் பேர்தான். சட்டம் சட்டம். ரெண்டுக்கு ரெண்டு" என்றா.

சட்டிக்குள் ஒரு ஓடுதான் மிச்சம். அண்ணா தன்னுடையது வந்துவிட்டது என்று என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மிச்சம் இருப்பது யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். அப்பா அதை எடுத்தார். முன்பக்கத்தைக் காட்டினார். திருப்பிப் பின்பக்கத்தையும் காட்டினார். இரண்டு பக்கமும் மண் நிறம் மட்டும்.

"மூண்டு பேர் விழவேணும் எண்டுதானே சொன்னனீ?"

"ஓம் அப்பா."

"விழேல்லை. அப்ப முடிஞ்சுது."

கீழே இறங்கிப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு நீல பிஸ்கட் ரின். மேசையில் வைத்தார். "உது அவளின்ரை. எண்ணிப் பாக்கச் சொல்லு. ஒரு துண்டும் குறையாது." அம்மா கதிரையில் இருந்து அழுதார், சிரித்தார், பிறகு எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டார். மாமி, "வரட்டும், வந்தா நான் ரெண்டு கதை கேக்கத்தான் செய்வன்" என்று சொல்லி இரண்டு கோப்பை குடித்தா.

28ஆம் திகதி ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லி எழுதட்டாம். "விலாசம்?" என்று கேட்டேன். "அது உனக்குத் தெரியும்தானே" என்றார் அப்பா. எப்போதிலிருந்து அவருக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அம்மாவின் ஓட்டைப் பஞ்சில் சுற்றி இத்தோடு அனுப்புகிறேன். உடைந்துவிடக் கூடாது.

வென்ற,
நிலாணி

*

பார்க்டேல்
18 டிசெம்பர் 2025

என் தங்கச்சிக்கு,

ஓடு முழுசாக வந்து சேர்ந்தது. நானும் முழுசாக இருக்கிறேன். உன் கடிதத்தை இந்த முறை கடைசித் தரிப்பிடத்தில் வைத்துத்தான் பிரித்தேன், அதனால் ஒருவரும் ஏசவில்லை.

மாமியிடம் சொல், அவ கேட்கப் போகும் இரண்டு கதைக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. அதில் ஒன்று, குயின் வீதியில் எத்தனை டொக்டர்கள் நான் கதவைத் திறக்கும்வரை குளிரில் நிற்கிறார்கள் என்பது. அம்மாவிடம் சொல், முழங்காலோடு அடுப்படியில் நிற்க வேண்டாம். அப்பாவிடம் ஒன்றும் சொல்லாதே. பார்க்டேலில் அவர் அப்போது வாங்கின கடை இன்னும் இருக்கிறது, அங்கே இடியப்பம் வாங்கி வருகிறேன்.

ஞாயிறு பன்னிரண்டு மணி ரெயிலில் வந்து இறங்குவேன். அங்கிருந்து நடந்து வருகிறேன். பத்து வருடத்தில் அந்தத் தெரு எனக்கு மறந்திருக்கும், எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கும். நீ வாசலில் வந்து நில். தெருமுனையில் என்னைக் கண்டதும் கையை மேலே தூக்கு.

இந்த முறை நீயாகத்தான் தூக்க வேண்டும்.

உன் அக்கா,
சிவானி